பெட்டியை இறக்குவதற்கு முன்

நான் தொழிலுக்கு வந்த காலத்தில், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸின் கோளாறைக் கண்டுபிடிக்க எங்களிடம் இருந்த கருவி, இரண்டு முனையும் சீவிய ஒரு சாண் வயர்த்துண்டு. இடம் ஷார்ஜாவின் தொழிற்பேட்டையான சனாயா. தொண்ணூறுகளின் பின்பாதி. தகரக் கூரை போட்ட ஒர்க்‌ஷாப்பில் வந்து நிற்பவற்றில் பாதிக்கு மேல் ஜப்பானிய ஆட்டோமேட்டிக் வண்டிகள். பானெட்டைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டி இருக்கும். மூடியின் உட்புறத்தில் ஒவ்வொரு ஓட்டைக்கும் பெயர் எழுதியிருக்கும். டிஇ1, இ1 என்ற இரண்டையும் அந்த வயரால் இணைத்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் திருப்பினால், டாஷ்போர்டில் ‘ஓடி ஆஃப்’ விளக்கு சிமிட்டத் தொடங்கும். இடைவிடாமல் ஒரே சீராகச் சிமிட்டினால் எதுவும் பதிவாகவில்லை என்று பொருள். ஆறு முறை சிமிட்டி, சற்று நின்று, பிறகு இரண்டு முறை சிமிட்டினால் 62 என்ற கோடு. அது கியர் மாற்றும் மின்வால்வான முதல் ஷிஃப்ட் சோலனாய்டின் மின்சுற்று. 63 இரண்டாவது சோலனாய்டு. 64 லாக்-அப் சோலனாய்டு. 42 வந்தால் வேக சென்சார்.

அண்ணாச்சி சத்தமாக எண்ணுவார், நான் நோட்டில் எழுதுவேன். அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எனக்குத் தொழில் கொடுத்தவர். கோடு எண்ணை அழிப்பதற்கு முன் எழுதிவைக்க வேண்டும் என்பதில் அவர் கடுமையானவர். வண்டி எண், கிலோமீட்டர், கோடு, ஓட்டுபவர் சொன்ன வார்த்தை, இந்த நான்கும் நோட்டில் ஏறாமல் பேட்டரி கம்பியைக் கழற்ற யாரையும் விடமாட்டார். பேட்டரியைக் கழற்றினால் பல வண்டிகளில் பதிவும் அதோடு போய்விடும். “வந்தவன் சொல்ல வந்தத கேக்காம வாய மூடுற மாதிரி அது” என்பார்.

பிறகு ஸ்கேனர் வந்தது. அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து விற்கும் எல்லாக் கார்களுக்கும் ஓபிடி-2 கட்டாயமாகிவிட்டதால், அங்கிருந்து ஏலத்தில் எடுத்துவந்த வண்டிகள் ஷார்ஜாவுக்குள் நுழைந்தபோது ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் கொண்ட சாக்கெட்டும் கூடவே வந்தது. எந்தக் கம்பெனி வண்டியானாலும் ஒரே வடிவச் சாக்கெட், ஒரே மாதிரி கோடு. முதல் எழுத்து பி என்றால் இன்ஜினும் கியர்பாக்ஸும், சி என்றால் பிரேக், சஸ்பென்ஷன் போன்ற அடித்தளம், யு என்றால் கம்ப்யூட்டர்களுக்கு இடையிலான பேச்சு. அடுத்து வரும் 0 எல்லாருக்கும் பொதுவான கோடு, 1 அந்தக் கம்பெனியே வைத்துக்கொண்ட கோடு. அதற்கடுத்த இடத்தில் 7 அல்லது 8 இருந்தால் விவகாரம் கியர்பாக்ஸில்.

இதில் என்னைப் பல வருடம் வருத்திய கோடு பி0700. சின்னக் கருவியை மாட்டுவார்கள், பி0700 என்று வரும், ‘கியர்பாக்ஸ் கோளாறு’ என்று அது மொழிபெயர்த்துக் காட்டும், உடனே வண்டிக்காரரிடம் பெட்டி போச்சு என்று சொல்லிவிடுவார்கள். அந்தக் கோடு சொல்வது அவ்வளவு பெரிய சங்கதி இல்லை. கியர்பாக்ஸின் கம்ப்யூட்டர் ஏதோ ஒன்றைக் குறித்துவைத்திருக்கிறது, அதனிடம் போய்க் கேள் என்று இன்ஜின் கம்ப்யூட்டர் சொல்கிறது. அவ்வளவுதான். அந்த உள் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து படிக்கத் தெரியாத கருவியை வைத்துக்கொண்டு எத்தனை நல்ல பெட்டிகளை இறக்கியிருப்பார்களோ, நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

உள்ளே போய்ப் படித்தாலும் வேலை முடிந்துவிடாது என்று எனக்குக் காட்டியது ஒரு கும்பகோணத்துக்காரரின் வண்டி. அவர் ஒரு கட்டுமானக் கம்பெனியில் கணக்கர். ஊரிலிருந்து மனைவியையும் குழந்தைகளையும் அப்போதுதான் கூட்டிவந்திருந்தார். ஜூலை மாதம். காலையில் வேலைக்குப் போகும்போது வண்டி ஒழுங்காக ஓடும். சாயங்காலம் துபாயிலிருந்து திரும்புகையில், நெரிசலில் நின்று நின்று நகர்ந்துவரும்போது ஓர் உதை உதைக்கும். அதற்குப் பிறகு மூன்றாவது கியரை விட்டு இறங்காது. சிக்னலில் நின்று கிளம்பினால் இழுவையே இருக்காது, பின்னால் நிற்கிறவன் ஹாரனை அழுத்திக்கொண்டிருப்பான். ராத்திரி நிறுத்திவைத்துவிட்டு மறுநாள் எடுத்தால் மறுபடி ஒழுங்கு. வேறோர் ஒர்க்‌ஷாப்பில் கோடு பார்த்து சோலனாய்டை மாற்றியிருந்தார்கள். அதன் பிறகும் அப்படியே இருந்ததால், பழைய பெட்டி ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று விலையும் சொல்லிவிட்டார்கள். ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தை அதற்கு எடுப்பதா என்று தெரியாமல் அவர் எங்களிடம் வந்தார்.

ஸ்கேனர் காட்டியது பி0753. முதல் ஷிஃப்ட் சோலனாய்டின் மின்சுற்றில் கோளாறு. கோடு விழுந்த கணத்தில் வண்டி இருந்த நிலையையும் கம்ப்யூட்டர் கூடவே பதிந்துவைக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்பார்கள். அதைத் திறந்தோம். இன்ஜின் நல்ல சூட்டில், வண்டி மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தபோது விழுந்த கோடு. அவர் வாயால் சொன்னதும் இதுவும் ஒத்துப்போயின.

மூன்றாவது கியரில் மாட்டிக்கொண்டதற்குக் காரணம் பெட்டி தேய்ந்தது இல்லை. சுற்றில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தால் கம்ப்யூட்டர் எல்லா சோலனாய்டுகளுக்கும் போகும் மின்சாரத்தை நிறுத்திவிடும். மின்சாரம் இல்லாதபோது வால்வுகள் ஸ்பிரிங்கின் தள்ளலுக்கு எந்த இடத்தில் போய் நிற்கின்றனவோ அந்தக் கியர்தான் கிடைக்கும். அந்தப் பெட்டியில் அது மூன்றாவது. ஆயில் அழுத்தமும் உச்சத்துக்குப் போய்விடும், அதனால்தான் அந்த உதை. வண்டி நடுவழியில் நிற்காமல் வீடு போய்ச் சேர வேண்டும் என்பதற்காக வடிவமைத்தவர்கள் வைத்த ஏற்பாடு இது. இது தெரியாதவர்களுக்கு அந்த உதை பெட்டியின் மரண ஓலமாகக் கேட்கிறது.

அந்த மாதிரி ஆன்-ஆஃப் சோலனாய்டின் சுருள் 11 முதல் 15 ஓம் வரை காட்ட வேண்டும். காலையில் அளந்தோம். பெட்டியின் கப்ளரில் 13. வயரின் மறுமுனையில், கம்ப்யூட்டரிடம், அங்கேயும் 13. எல்லாம் சரி. நான் மீட்டரைச் சுருட்டப் போனேன்.

“ஆறின வண்டியில என்னத்த தேடுத? சுட வச்சு பாப்போம் தம்பி” என்றார் அண்ணாச்சி.

வெயில் 45 டிகிரியைத் தொடும் மதிய நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போய் சனாயாவின் நெரிசல் தெருக்களில் ஊர்ந்தோம். ஏசி முழு வேகத்தில். ஓர் இடத்தில் உதை விழுந்தது. அப்படியே திருப்பிக் கொண்டுவந்து, சூடு ஆறுவதற்குள் இரண்டு முனையிலும் அளந்தோம். பெட்டியின் கப்ளரில் 16 ஓம். செம்பின் தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய நூற்றுக்கு 0.4 பங்கு ஏறும். காலையைவிட அறுபது டிகிரி கூடுதல் சூட்டில் 13 என்பது 16 ஆனது நியாயமான கணக்கு. ஆக, சுருள் நன்றாக இருக்கிறது. கம்ப்யூட்டர் முனையில் மீட்டரின் முள் அசையவே இல்லை. சுற்று அறுந்திருக்கிறது. அறுந்த இடம் இந்த இரண்டு முனைக்கும் நடுவே, பெட்டிக்கு வெளியே.

அண்ணாச்சி டிஜிட்டல் மீட்டர் வைத்திருந்தாலும் இந்த வேலைக்கு முள் மீட்டரைத்தான் எடுப்பார். எண் மாறுவதற்குள் தொடுப்பு வந்து போய்விடும், முள்ளோ துள்ளிக் காட்டிக்கொடுக்கும். நான் மீட்டரைப் பிடித்துக்கொள்ள அவர் வயர்க்கட்டை விரல் விரலாக மடக்கிக்கொண்டே போனார். சைலன்சர் குழாய் இன்ஜினிலிருந்து இறங்கும் இடத்துக்கு அருகில் முள் துள்ளியது. மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறை வறண்டு நொறுங்கியிருந்தது. வயரின் மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அதைச் சீவிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் முழுக்க அறுந்து முனைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நின்றன. குளிர்ந்திருக்கும்போது தொடும், சூட்டில் தோல் விரிந்ததும் விலகும். அந்தத் துண்டை வெட்டி எடுத்து, புது வயர் வைத்து ஈயம் பற்றவைத்து, சூடு தாங்கும் உறை போட்டு, குழாயை விட்டுத் தள்ளி வேறு வழியாகக் கொண்டுபோய்க் கட்டினோம். சாமான் செலவு சில திர்ஹம். அன்று சாயங்காலமே அவரை அதே நெரிசலில் ஓட்டச் சொல்லி நானும் கூடப் போனேன். கோடு வரவில்லை. பிறகும் வரவில்லை.

முந்தைய ஒர்க்‌ஷாப்பில் கோடைத் தப்பாகப் படிக்கவில்லை. பி0753 என்றுதான் அவர்களுக்கும் வந்திருக்கிறது. அந்தக் கோடு சோலனாய்டு என்ற ஒரு பொருளைக் குறிப்பதாக எடுத்துக்கொண்டார்கள். கம்ப்யூட்டரில் தொடங்கி, வயர், கப்ளர், பெட்டிக்குள் போகும் சிறு வயர், சுருள், எர்த் என்று ஒரு முழுச் சுற்றில் எங்கோ மின்சாரம் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்பதுதான் கம்ப்யூட்டருக்குத் தெரியும். எங்கே என்று அதற்குத் தெரியாது. தேடுவது மனிதன் வேலை, அதற்குத்தான் கூலி வாங்குகிறோம்.

பெட்டிக்குச் சம்பந்தமே இல்லாத இடத்திலிருந்தும் பெட்டியின் கோளாறு வரும். ஒரு வண்டி, நெடுஞ்சாலையில் பெட்ரோலைக் கூடுதலாகக் குடிக்கிறது, ஆயில் சூடேறுகிறது, 80 கிலோமீட்டர் வேகத்திலும் இன்ஜினையும் பெட்டியையும் நேராகப் பூட்டும் லாக்-அப் விழவில்லை என்று வந்தது. அந்தப் பூட்டு இருக்கும் டார்க் கன்வர்ட்டரை மாற்றச் சொல்லியிருந்தார்கள். பொழுது சாயும் நேரத்தில் வண்டியை உள்ளே எடுக்கும்போது, பிரேக்கில் யாரும் கால் வைக்காமலே பின் விளக்குகள் சிவப்பாக எரிந்துகொண்டிருந்ததை அண்ணாச்சி பார்த்துவிட்டார். பிரேக் மிதித்தால் லாக்-அப்பை விடுவிக்க வேண்டும் என்பது கம்ப்யூட்டருக்கு இட்ட விதி. மிதியின் மேலிருந்த சுவிட்ச் ஒட்டிக்கொண்டு, ஓட்டுநர் எப்போதும் பிரேக்கில் கால் வைத்திருப்பதாகவே அதற்குச் சொல்லிக்கொண்டிருந்தது. சுவிட்சை மாற்றினோம். லாக்-அப் விழுந்தது.

பெட்டியே போன வண்டிகளும் உண்டு. விடுமுறை நாளெல்லாம் மணல்மேட்டில் ஏறியிறங்கிய ஒரு பெரிய அமெரிக்க ஜீப் அப்படி வந்தது. கோடு பி0733, மூன்றாவது கியரின் விகிதம் தவறு. பெட்டிக்குள் நுழையும் சுழற்சியை ஒரு சென்சாரும் வெளியேறும் சுழற்சியை இன்னொரு சென்சாரும் எண்ணுகின்றன. ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்த்து, நான் கேட்ட கியர் கிடைத்ததா என்று கம்ப்யூட்டர் சரிபார்த்துக்கொள்ளும். அந்தப் பெட்டியில் மூன்றாவது நேர் கியர். உள்ளே 2,600 சுற்றினால் வெளியேயும் 2,600 சுற்ற வேண்டும். ஆக்சிலேட்டரை அழுத்தினால் வெளியே 2,100தான் வந்தது. சென்சார் பொய் சொல்லலாமே என்று நான் கேட்டேன். அண்ணாச்சி முதல் கியரிலும் இரண்டாவதிலும் ஓட்டச் சொல்லிக் கணக்குப் போட்டார். இரண்டிலும் விகிதம் துல்லியமாக வந்தது. அங்கே உண்மை சொல்லும் சென்சார் மூன்றாவதில் மட்டும் எப்படிப் பொய் சொல்லும்? ஆயில் தட்டைக் கழற்றினோம். அடியிலிருக்கும் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு மெல்லிசாகப் படிந்திருப்பது எல்லாப் பெட்டியிலும் உள்ளதுதான். இதில் கிளட்ச் தகட்டின் கறுத்த தோல் செதில் செதிலாகக் கிடந்தது. ஆயில் பழுப்பேறித் தீய்ந்த நாற்றம் அடித்தது. பெட்டியை இறக்கச் சொன்னபோது அண்ணாச்சியின் குரலில் தயக்கமே இல்லை. அளந்து முடித்தவருக்கு அந்தத் தைரியம் இருந்தது.

சென்னைக்குத் திரும்பி மேடவாக்கத்துக்கு அருகில் நானே சிறிதாக ஒரு ஒர்க்‌ஷாப் போட்டபோது, ஊரில் ஆட்டோமேட்டிக் வண்டிகள் குறைவு. 2014இல் மாருதி செலேரியோவில் ஏஎம்டி என்ற தானியங்கி கியர் வந்த பிறகுதான் நடுத்தரக் குடும்பங்கள் கிளட்ச் மிதி இல்லாத வண்டியைப் பற்றிப் பேசத் தொடங்கின. அதற்கு அடுத்த வருடம் டிசம்பரில் வெள்ளம். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் வண்டிகள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. சீட்டுக்கு மேல் முங்கியவை பெரும்பாலும் இன்சூரன்ஸ் கணக்கில் போய்விட்டன. தரை விரிப்பு நனைந்த அளவோடு தப்பியவற்றைக் காயவைத்து ஓட்டினார்கள். அவற்றின் கோளாறு உடனே தெரியவில்லை. அடுத்த கோடையில் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின.

வேளச்சேரியிலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவரின் வண்டி வந்தது. இடது முழங்கால் வலியால் ஆட்டோமேட்டிக் வாங்கியவர். கணவரை வாரத்தில் சில நாள் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக அவரே ஓட்டுவார். ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் கியர்பாக்ஸ் கம்ப்யூட்டர், வால்வ் பாடி இரண்டையும் மாற்ற வேண்டுமென்று எஸ்டிமேட் கொடுத்திருந்தார்கள். அந்தக் காகிதத்தை என் கையில் கொடுத்து, “இதுல எது உண்மைன்னு மட்டும் சொல்லுங்க தம்பி, செலவ அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

“முதல்ல ஆயிலப் பாத்துடறேன் டீச்சர்” என்றேன். தண்ணீர் பெட்டிக்குள் போயிருந்தால் ஆயில் வெளிர்சிவப்புப் பாலாகத் திரிந்திருக்கும். கிளட்ச் தகட்டின் தோலை ஒட்டியிருக்கும் பசை விட்டுப்போகும். அப்படி ஆகியிருந்தால் நான் எதை அளந்தும் பயனில்லை. ஆயில் தெளிந்த சிவப்பாக வந்தது. எனக்கு மூச்சு வந்தது.

ஸ்கேனரில் ஒரு கூட்டமே இருந்தது. யு0101, அதாவது கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரோடு பேச்சு அறுந்துவிட்டது. பி0705, லீவர் எந்த நிலையில் நிற்கிறது என்று சொல்லும் சுவிட்ச். பி0715, உள்சுழற்சி சென்சார். அதோடு சோலனாய்டு கோடுகள். ஒரே நாளில் இத்தனை பொருள் கெடாது. எல்லாவற்றுக்கும் பொதுவானது எது என்றுதான் தேட வேண்டும். பேட்டரியைக் கழற்றிவிட்டு சாக்கெட்டில் 6ஆவது பின்னுக்கும் 14ஆவது பின்னுக்கும் நடுவே அளந்தேன். கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்ளும் கேன் வயர்கள் அவை. இரண்டு கோடியிலும் 120 ஓம் தடை உண்டு, இரண்டும் இணைச்சுற்றில் சேர்ந்து 60 காட்ட வேண்டும். 60 காட்டியது. வயர் அறுபடவில்லை.

அடுத்து எர்த். ஓம் அளவில் வைத்துப் பார்த்தால் எர்த் எப்போதும் நல்ல பிள்ளைதான். ஓரிழை தொட்டுக்கொண்டிருந்தாலும் மீட்டர் சரி என்றே சொல்லும். மின்சாரம் ஓடும்போது எவ்வளவு வோல்ட் அங்கே தங்குகிறது என்று பார்க்க வேண்டும். பேட்டரியை மாட்டி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கில் கால்வைத்து லீவரை டி-யில் போடச் சொன்னேன். கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரின் எர்த் பின்னுக்கும் பேட்டரியின் மைனஸுக்கும் நடுவே 1.8 வோல்ட். 0.2ஐத் தாண்டக் கூடாத இடம். பேட்டரித் தட்டைத் தூக்கினால், அடியில் அந்த எர்த் போல்ட் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்துப்போயிருந்தது. வெள்ளம் போன பிறகும் அங்கே ஈரம் தங்கிவிட்டது. உப்புத்தாள் போட்டு உலோகம் தெரியத் தேய்த்து, புது லக் வைத்து முடுக்கி, கிரீஸ் பூசினேன். மறுபடி அளந்தபோது வோல்ட் ஏறக்குறைய சுழியத்துக்கு வந்தது. கோடுகளை அழித்து ஓட்டிப் பார்த்ததில் பி0705 மட்டும் திரும்ப வந்தது. லீவர் சுவிட்சின் பின்களில் பச்சை ஏறியிருந்தது, அதை மாற்றினோம். அந்த வண்டிக்கு வாங்கிய பொருள் அந்த ஒரு சுவிட்ச்தான். வால்வ் பாடியைத் தொடவே இல்லை. டீச்சர் அன்று மாலையே கணவரை ஏற்றிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார்.

இன்று ஏஎம்டி, சிவிடி, இரட்டைக் கிளட்ச் என்று நம் தெருக்களிலேயே எல்லா வகையும் ஓடுகின்றன. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து ஓபிடி-2 கட்டாயம். ஆகவே உங்கள் வண்டியிலும் அந்தச் சாக்கெட் இருக்கும். டாஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பேட்டரியைக் கழற்றிப் பார்க்காதீர்கள், கோடும் அது விழுந்த கணத்தின் பதிவும் அழிந்துபோகும். காலையிலா மாலையிலா, மழை நாளிலா, ஏற்றத்திலா, எத்தனை வேகத்தில் என்று எழுதிவையுங்கள். மெக்கானிக் ஸ்கேனர் மாட்டினால், அழிப்பதற்கு முன் எல்லாக் கோடுகளையும் ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். பி0700 மட்டும் எழுதியிருந்தால், கியர்பாக்ஸ் கம்ப்யூட்டரையும் படிக்கச் சொல்லுங்கள். ஆயில் என்ன நிறம், எந்த வயரில் எத்தனை ஓம், எர்த்தில் எத்தனை வோல்ட் என்று கேளுங்கள். தொழில் தெரிந்தவர் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். எதையும் அளக்காமல் பெட்டியை இறக்க வேண்டும் என்று சொன்னால், அன்றைக்கு வேண்டாமென்று சொல்லிவிட்டு வண்டியை இன்னோர் இடத்தில் காட்டுங்கள்.